ரப்பர் வாஷரும் விபத்தில்லா நாட்களும்

சென்ற வாரம் பழைய கம்பெனியிலிருந்து எனக்கு ஓர் அழைப்பிதழ் வந்தது. பாதுகாப்பு வார விழாவாம். வழவழப்பான அட்டையில் மஞ்சள் ஹெல்மெட் போட்ட பொம்மை ஒன்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிச் சிரிக்கிறது. அதன் காலடியில் 'விபத்தில்லா நாட்கள்' என்று போட்டு நான்கு இலக்கத்தில் ஓர் எண். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தேன். இருபத்தாறு வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்தவளுக்கு எண்ணைப் பார்த்தால் கூட்டிக் கழித்துப் பார்க்காமல் இருக்க முடியாது. கூட்டிக் கழித்தேன். எங்கேயோ இடித்தது.

மறுநாள் பாதுகாப்பு அதிகாரி நந்தினி போன் செய்தார். நான் ஓய்வு பெற்ற பிறகு வேலைக்கு வந்த பெண். மரியாதையாகப் பேசுவார்.

"மேடம், விழா மலருக்கு உங்க அனுபவம் ஒண்ணு வேணுங்க. மூணு பக்கம் போதும். கொஞ்சம் பாசிட்டிவா இருந்தா நல்லாருக்கும்."

"எதைப் பத்திம்மா எழுதறது?"

"இப்ப நாங்க பேட்டரி லிஃப்டர் வாங்கியிருக்கோங்க. கல்லுல பிடி தளர்ந்தா அதுவே கத்தும். அந்தக் காலத்துல வெறும் கைக்கப்ப வெச்சுக்கிட்டு எப்பிடிச் சமாளிச்சீங்கன்னு எழுதுங்களேன்."

அந்தக் காலம் என்பது இரண்டு வருடத்துக்கு முன்னால். போகட்டும், அவர் வயதுக்கு அது அந்தக் காலம்தான். எனக்கு ஒரே ஒரு சந்தேகம்.

"அந்த லிஃப்டருக்கு ரப்பர் சீல் ஸ்டாக் வெச்சிருக்கீங்களா?"

"ஓ, இருக்குதுங்க மேடம். மேனேஜர் சார் பீரோவுல பத்திரமா இருக்குது."

எழுதித் தருகிறேன் என்று அப்போதே சொல்லிவிட்டேன்.

கல் வேலை தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. காரிமங்கலத்தைத் தாண்டி நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கும் எங்கள் கம்பெனியில் கிரானைட் பலகைகளுக்குப் பாலிஷ் போடுகிறோம். பாலிஷ் போட்ட கல்லை முகம் பார்க்கிற மாதிரி பளபளப்பாக்கிவிடுவோம். பிறகு அதைத் தூக்கக் கை வைக்க இடம் இருக்காது. அதற்குத்தான் கப்பு. சாப்பாட்டுத் தட்டு அளவு ரப்பர், மேலே ஒரு கைப்பிடி, பக்கத்தில் அமுக்குகிற தண்டு ஒன்று. கல்லில் வைத்துத் தண்டை அமுக்க அமுக்க உள்ளே இருக்கும் காற்று வெளியேறி ரப்பர் கல்லைப் பிடித்துக்கொள்ளும். தண்டில் ஒரு சிவப்புக் கோடு உண்டு. பிடி சரியாக இருந்தால் கோடு உள்ளே மறைந்திருக்கும். காற்று கசிந்தால் மெதுவாக வெளியே தலை நீட்டும். சிவப்பு தெரிந்தால் கல்லைக் கீழே வைத்துவிட வேண்டும். கல்லுக்கும் கப்புக்கும் நடுவில் இருக்கும் அந்த ரப்பரைக் கம்பெனிக் காகிதத்தில் சீல் என்பார்கள். எங்களுக்கு எல்லாம் வாஷர்தான்.

நான் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். டைப் மெஷின் போய்க் கம்ப்யூட்டர் வந்தபோது என்னை என்ன செய்வதென்று தெரியாமல் ஸ்டோருக்கு அனுப்பினார்கள். கடத்தூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, முதல் இரண்டு வருடம் போல்ட்டுக்கும் நட்டுக்கும் பேர் படித்தேன். ரப்பரைப் பற்றி யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த துண்டுத்தாளில் இருந்தது: வெயில் படக்கூடாது, ஆணியில் மாட்டக்கூடாது, மண்ணெண்ணெயால் துடைக்கக்கூடாது, ரப்பர் முகம் தரையைப் பார்க்கக் கவிழ்க்கக்கூடாது. கம்பெனியில் அதுவரை இந்த நான்கையும் நாள் தவறாமல் செய்துகொண்டிருந்தார்கள்.

இப்போது மேனேஜரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்ல மனிதர். அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. காலையில் பத்தரை மணிக்குக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு சுற்று வருவார். எதையும் தொட மாட்டார், பேனாவால் காட்டுவார். பேனா காட்டிய இடத்தில் இருந்தவர்கள் அன்று முழுக்க அங்கே என்ன தப்பு என்று தேடிக்கொண்டிருப்பார்கள். பல நாள் ஒன்றும் இருக்காது. 'விபத்தில்லா நாட்கள்' பலகையை வாசலில் மாட்டியவர் அவர்தான். தினமும் காலையில் தன் கையாலேயே எண்ணை அழித்து ஒன்று கூட்டி எழுதுவார். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும், பேரப்பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி இருக்கும்.

புது வாஷர் எல்லாம் அவர் அறையில் மேற்கு ஜன்னல் ஓரத்து இரும்பு பீரோவில் இருந்தது. எல்லாப் பொருளும் ஸ்டோரில் இருக்க, வாஷர் மட்டும் அங்கே. காரணம் கேட்டேன். "இம்போர்ட்டட் ஐட்டம், வளர்மதி" என்றார். அத்துடன் பேச்சு முடிந்தது.

ஒரு புது வாஷர் வாங்க வேண்டுமானால் வழிமுறை இது. தூக்குகிறவர் சூப்பர்வைசரிடம் சொல்ல வேண்டும். சூப்பர்வைசர் படிவம் எழுதி என்னிடம் தர வேண்டும். நான் பழைய வாஷரைக் கழற்றி, கவருக்குள் போட்டு, கப்பின் எண்ணை மேலே எழுதி, படிவத்தோடு மேனேஜர் மேஜையில் வைக்க வேண்டும். அவர் உடனே பிரிக்க மாட்டார். டீ வரும். குடிப்பார். பிறகு கவரைப் பிரித்து வாஷரை உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்துவார். மடிப்பார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். மோந்தும் பார்ப்பார். அதில் என்ன தெரியும் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. கடைசியாக, "கப்புல மாட்டிக் கொண்டாங்க" என்பார்.

மாட்டிக் கொண்டுபோவேன். தன் மேஜை மேல் போட்டிருக்கும் கண்ணாடியில் கப்பை வைத்து அமுக்கச் சொல்வார். எங்கள் கம்பெனியிலேயே தூசி இல்லாத, வழவழப்பான, ஒரு மேடு பள்ளம் இல்லாத இடம் அந்த மேஜைதான். அதில் செத்த வாஷரும் பிடிக்கும். கப்பு தூக்க வேண்டிய எடையும் அங்கே கிடையாது. சிவப்புக் கோடு உள்ளேயே இருக்கும். மேனேஜர் பேனாவால் அதைக் காட்டுவார்.

"இன்னும் உயிர் இருக்குதே, வளர்மதி."

"கல்லுத் தூசியில பிடிக்க மாட்டேங்குதுங்க சார்."

"தொடச்சிட்டு யூஸ் பண்ணச் சொல்லுங்க."

படிவத்தில் 'அடுத்த மாதம் பார்க்கலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். அழகான கையெழுத்து. இப்படிப் பார்க்கப்பட்ட வாஷர்கள் பல மாதங்கள் பார்க்கப்பட்டன. பீரோவுக்குள் இருந்த புதுசுகளோ மேற்கு வெயிலில் சுடச்சுடக் காய்ந்து, யாரும் தொடாமலே பழசாகிக்கொண்டிருந்தன. இதை ஒரு நாள் அவரிடம் பக்குவமாகச் சொன்னேன். "ஸ்டாக் இல்லன்னு ஆயிடக்கூடாது பாருங்க" என்றார். எடுத்துக் கொடுத்தால்தானே ஸ்டாக் குறையும். கொடுக்காத வரைக்கும் குறையாது. அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை.

வெளிநாட்டு வியாபாரிக்காக ஒருவர் ஆடிட்டுக்கு வந்தார். மாற்று சீல் கையிருப்பு உண்டா என்று கேட்டார். மேனேஜர் பீரோவைத் திறந்தார். அடுக்கடுக்காக வாஷர். வந்தவர் வாயைப் பிளந்து, போட்டோ எடுத்து, நற்சான்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் கார் கேட்டைத் தாண்டியபோது மாதையன் ஒரு கப்பைத் தூக்கிக்கொண்டு என் ஸ்டோர் ஜன்னலில் நின்றுகொண்டிருந்தார்.

மாதையன் பாலிஷ் லைனில் கல் தூக்குகிறவர். பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்துக்காரர். ஒல்லியான ஆள், பேச்சு குறைவு. என்னைவிட நான்கைந்து வயது சிறியவர், யக்கா என்று கூப்பிடுவார். கல்லில் கப்பை ஒட்டியதும் நூறு வரை எண்ணிவிட்டுத்தான் தூக்குவார். மற்றவர்கள் கிண்டல் செய்வார்கள். எண்ணி முடிக்கும்வரை அவர் யாருக்கும் பதில் சொல்ல மாட்டார்.

"யக்கா, இந்த வாஷரு ஓரத்துல வறண்டுருச்சுங்க. எண்பது எண்ணறதுக்குள்ள செவப்பு எட்டிப் பாக்குது."

"எழுதி அனுப்பிட்டேன் மாதையா. அடுத்த மாசம் பாக்கலாம்னு வந்துருச்சு."

"போன மாசமும் அதாங்க வந்துச்சு."

"போன மாசத்துக்கு அடுத்த மாசம் இதுதானே. அப்ப இந்த மாசமும் பாத்துட்டாங்க."

அவர் சிரித்துவிட்டுப் போனார். என் வாய் சும்மா இருக்காது. அன்றைக்கு ஏதாவது சொல்லிச் சிரிக்கவைத்து அனுப்பினதில் எனக்குத் திருப்தி. படிவத்தை மறுபடியும் எடுத்துக்கொண்டு போய் மேனேஜர் முன்னால் நின்று சண்டை போட்டிருக்கலாம். போடவில்லை.

நான் செய்தது வேறு. துண்டுத்தாளில் இருந்த நான்கு விதிகளில் என் கைக்கு எட்டியது ஒன்றுதான்: ரப்பர் முகத்தைக் கவிழ்க்கக்கூடாது. தரையில் கவிழ்த்து வைத்தால் கல் பொடி ரப்பரில் ஏறும். அதனால் கப்புகளை எல்லாம் ரப்பர் மேலே தெரிகிற மாதிரி மல்லாத்தித்தான் வைக்க வேண்டும் என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினேன். இரண்டு மாதம் தொண்டை கிழியக் கத்தி அதைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தேன். கம்பெனியில் நான் போட்ட ஒரே சட்டம் அது. எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட வந்தது.

அந்த வருடம் ஆயுத பூஜை வந்தது.

எங்கள் கம்பெனியில் ஆயுத பூஜை தடபுடலாக நடக்கும். முதலாளி குடும்பத்தோடு இரண்டு நாளும் வருவார். மெஷினுக்கெல்லாம் மாலை, வாழைக்கன்று, பொரி, பூசணிக்காய். சந்தனக் கிண்ணமும் குங்குமமும் வருடா வருடம் என் கையில்தான். முன்பெல்லாம் கப்புகள் கவிழ்ந்து கிடக்கும், அதனால் கைப்பிடியில் பொட்டு வைப்போம். அந்த வருடம் என் சட்டப்படி அத்தனை கப்பும் புதுத்துணி மேல் மல்லாந்து, கழுவித் துடைத்த ரப்பர் முகத்தைக் காட்டிக்கொண்டு வரிசையாக இருந்தன. முகத்தைக் காட்டினால் பொட்டு எங்கே வைப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் ரப்பர் ஓரத்தில் கட்டைவிரலால் தாராளமாகச் சந்தனம், நடுவில் குங்குமம். தண்டிலும் ஒரு குங்குமத் தீற்று. வரிசையைப் பார்த்த முதலாளி அம்மா, "அழகா வெச்சிருக்கீங்க வளர்மதி" என்றார். சந்தோஷமாக இருந்தது.

பூஜையில் வைத்த கருவியை அன்று எடுக்க மாட்டோம். மறுநாள் விஜயதசமியன்று நல்ல நேரத்தில் ஒரே ஒரு கல்லைத் தூக்கி வைத்து வேலையைத் தொடங்குவோம். பூஜைப் பொட்டை யாரும் துடைக்க மாட்டார்கள். வேலையில் அதுவாக அழிய வேண்டும், அதுதான் வழக்கம்.

மறுநாள் காலை அந்த ஒரு கல்லைத் தூக்க மாதையனையும் இன்னொருவரையும் நிறுத்தினார்கள். இடத்தைக் கழுவிக் கோலம் போட்டிருந்ததால் எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றோம். பாதுகாப்பு ஷூக்கள் எல்லாம் வெளியே வரிசையாக, யாருக்கும் ஆபத்து வராத இடத்தில் பத்திரமாக இருந்தன. மேனேஜர் வெறுங்காலோடு நின்றார். போட்டோ எடுத்தார்கள். முந்தின நாள் ஈரமாக இருந்த சந்தனம் ரப்பரில் காய்ந்து பக்குக் கட்டியிருந்தது. அதை நான் பார்த்தேன். பார்த்து, பொட்டு கலையாமல் இருக்கிறதே என்று நினைத்தேன்.

மாதையன் கப்பைக் கல்லில் ஒட்டித் தண்டை அமுக்கினார். உதடு அசைந்தது. எண்ண ஆரம்பித்துவிட்டார் என்று எனக்குத் தெரியும். மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"நல்ல நேரம் முடியப் போகுது. தூக்குங்கப்பா."

தூக்கினார்கள். முழங்கால் உயரம்கூட வரவில்லை. மாதையன் பக்கத்துக் கப்பு பட்டென்று விட்டது. கல் சரிந்து அவர் இடது பாதத்தில் இறங்கியது. அவர் கத்தவில்லை. கோலத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

தருமபுரி ஆஸ்பத்திரிக்கு வண்டி போன பிறகு, அந்தக் கப்பை எடுத்து வந்து ஸ்டோரில் வைத்தார்கள். என் மேஜை மேல். ரப்பர் ஓரத்தில் நான் வைத்த சந்தனம் பாதி உடைந்து, பாதி ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த மேட்டின் வழியாகத்தான் காற்று போயிருக்கிறது. என்ன நடந்தது என்று புரிய எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஈரத்துணியை எடுத்துத் துடைத்தேன். ரப்பரையும் துடைத்தேன், தண்டையும் துடைத்தேன். ஏன் துடைத்தேன் என்று கேட்டால், பயம். ரிட்டயர் ஆக இன்னும் ஆறு வருடம் இருந்தது. இருபது வருடம் ஊரையெல்லாம் நக்கலடித்த பொம்பளை அன்று அந்தத் துணியையும் அலசிக் காயப்போட்டாள்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாதையனுக்கு இரண்டு விரலை எடுத்திருந்தார்கள். அவர் மனைவி பழம் நறுக்கிக்கொண்டிருந்தார். மாதையன் என்னைப் பார்த்ததும், அவரைத் தண்ணீர் பிடித்து வரச் சொல்லி அனுப்பினார்.

"யக்கா, நான் பாத்தேங்க."

"எதைப் பாத்தே?"

"ரப்பர்ல பொட்டு இருந்தத. தொடச்சிரலாம்னுதாங்க நெனச்சேன். பூச பொட்டு, அதுவும் நீங்க வெச்சது. எல்லாரும் பாத்துக்கிட்டு நிக்கறாங்க. வுட்டுட்டேன். தூக்கறப்ப தண்டுல செவப்பு தெரிஞ்சுது. அதுவும் உங்க குங்குமம்னு நெனச்சுட்டேன்."

நான் கட்டுப் போட்ட காலைப் பார்த்தேன்.

"விசாரணைல நான் இத சொல்ல மாட்டேங்க. நீங்களும் சொல்லாதீங்க. உங்களுக்கு எதுக்குங்க வம்பு."

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் எனக்கு அழுகை வந்தது. அவர் பெருந்தன்மையை நினைத்து மட்டும் இல்லை. அவர் அப்படிச் சொன்னது எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை நினைத்துத்தான்.

மூன்றாம் நாள் மேனேஜர் அறையில் விசாரணை. மேனேஜர், சூப்பர்வைசர், கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர், ஸ்டோர் சார்பில் நான். அறிக்கை ஏற்கெனவே டைப் அடித்துத் தயாராக இருந்தது. விசாரணைக்கு முன்பே அறிக்கை இருந்தால் நேரம் மிச்சம். அதில் இரண்டு குற்றம்: தொழிலாளி பாதுகாப்பு ஷூ அணியவில்லை, சிவப்புக் கோட்டைக் கவனிக்கவில்லை. முடிவு, வேலையிலிருந்து நீக்கம். மாதையனுக்கு அந்தக் காலை வைத்துக்கொண்டு வேறு எங்கும் வேலை கிடைக்காது என்பது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

முதல் குற்றத்தை நான் சுலபமாக முடித்தேன். விஜயதசமியன்று எடுத்த போட்டோவை மேஜை மேல் வைத்தேன். போட்டோவில் முதலாளியிலிருந்து வாட்ச்மேன் வரை இருபது ஜோடி வெறுங்கால். மேனேஜருடையது நடுவில். அவர் சிறிது நேரம் தன் காலையே பார்த்துவிட்டு, பேனாவால் அந்த வரியை அடித்தார்.

இரண்டாவது குற்றத்துக்கும் என்னிடம் திட்டம் இருந்தது. வாஷர் பழசு, மாற்றிக் கேட்டும் தரவில்லை என்று நிறுவிவிட்டால் போதும். மாதையனும் தப்பிப்பார், நானும் தப்பிப்பேன். மூன்று மாதப் படிவத்தையும் அடுக்கி வைத்தேன். அதே கப்பையும் கொண்டுபோயிருந்தேன்.

"வாஷர் வறண்டு போச்சுங்க சார். அதான் காரணம்."

"டெஸ்ட் பண்ணிடலாமே" என்றார் மேனேஜர்.

மேஜைக் கண்ணாடியில் ஒட்டி அமுக்கினோம். டீ வந்தது. நான்கு பேரும் கப்பையே பார்த்துக்கொண்டு குடித்தோம். சிவப்புக் கோடு உள்ளேயே இருந்தது. இரண்டாவது டீ சொன்னார்கள். அப்போதும் வரவில்லை. துளி அழுக்கில்லாமல் நான் கழுவித் துடைத்த வாஷர், அந்த மேஜையில் பிள்ளையார் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தது.

"பாத்தீங்களா வளர்மதி. சீல் பக்காவா இருக்குது. அப்ப ஆள்தான் கவனிக்கல."

மேனேஜர் அறிக்கையை என் பக்கம் தள்ளினார். கையெழுத்துப் போடும் இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தார். கையெழுத்துப் போடப் பேனாவைக்கூட எடுத்துவிட்டேன் என்று இங்கே ஒப்புக்கொள்கிறேன். நான் துடைத்த துணிதான் மாதையனை வேலையை விட்டு அனுப்பப் போகிறது. நான் கையெழுத்துப் போட்டாலும் அவர் வாயைத் திறக்க மாட்டார். அதுதான் தாங்கவில்லை.

"சார், உங்க சாமி படத்துக்கிட்ட இருக்குற சந்தன வில்லை ஒண்ணும் கொஞ்சம் குங்குமமும் தருவீங்களா?"

அவர் புரியாமல் எடுத்துக் கொடுத்தார். டீ கிளாஸ் மூடியில் தண்ணீர் விட்டுக் குழைத்தேன். கப்பைக் கழற்றி மல்லாத்தி, ரப்பர் ஓரத்தில் அன்று வைத்த மாதிரியே கட்டைவிரலால் ஒரு பொட்டு வைத்தேன். நடுவில் குங்குமம். தண்டில் ஒரு தீற்று.

"இது காயணுங்க சார். ஃபேன வேகமா வைங்க."

சந்தனம் காய்வதை நான்கு பேர் உட்கார்ந்து பார்த்தோம். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான அரை மணி நேரம் வந்ததில்லை. கணக்குப் பிரிவுக்காரர் நடுவில் ஒரு முறை விரலை வைத்துப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் ஈரம் இருக்குது" என்று தகவல் சொன்னார். ஒருவரும் சிரிக்கவில்லை.

காய்ந்ததும் அதே கண்ணாடியில் ஒட்டினேன். அமுக்கினேன். மாதையன் மாதிரி மனதுக்குள் எண்ணினேன். முப்பதுக்குள் சிவப்பு வெளியே வந்தது. அதன் பக்கத்திலேயே என் குங்குமமும் சிவப்பாக இருந்தது. எது கோடு, எது குங்குமம் என்று கிட்டப் போய்ப் பார்த்தால்தான் தெரிந்தது. நாற்பதில் கப்பு கழன்று மேஜை மேல் சாய்ந்தது.

"அன்னிக்கு இப்பிடித்தாங்க சார் இருந்துச்சு. வெச்சது நான். அப்புறம் தொடச்சதும் நான். மாதையனுக்கு இது தெரியும். என்னைக் காட்டிக் கொடுக்கக்கூடாதுன்னு சும்மா இருக்கான். அவன் எண்ணிக்கிட்டு இருக்கும்போதே தூக்குன்னு சொன்னது யாருன்னு உங்களுக்கே தெரியும்."

 மேனேஜர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"முதலாளி வூட்டு அம்மா பண்ற பூஜைங்க அது. பூஜையால விபத்துன்னு எழுத முடியுமா?"

"என் பேரை எழுதுங்க சார்."

"உங்க பேரை எழுதினாலும் என்ன காரணம்னு கேப்பாங்களே. பொட்டுதானே வரும்."

அன்று மாலை வரை நாங்கள் நான்கு பேரும் காரணம் தேடினோம். தொழிலாளி இல்லை, வாஷர் இல்லை, பூஜை இல்லை, நல்ல நேரம் இல்லை, ஸ்டோர் இல்லை. கடைசியில் சூப்பர்வைசர்தான் கண்டுபிடித்தார். 'அன்றைய தினம் வானிலை மாற்றத்தால் காற்றழுத்தத்தில் ஏற்பட்ட எதிர்பாராத ஏற்றத்தாழ்வு' என்று அறிக்கை முடிந்தது. அன்றைக்கு வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. மாதையனின் வேலை தப்பியது. கேட்டில் உட்கார்ந்து வண்டி எண் எழுதும் வேலை கொடுத்தார்கள். எனக்குத் தண்டனை எதுவும் இல்லை. கெஞ்சிக் கேட்டும் தரவில்லை, அதற்கும் படிவம் இருந்திருக்கும் போல.

இந்த அறிக்கையில் நான் கையெழுத்துப் போட்டேன். அவர் வேலை தப்பினால் போதும் என்று போட்டேன். அதில் ஒரு விஷயம் ஒளிந்திருந்ததை மறுநாள் காலையில்தான் பார்த்தேன். மேனேஜர் வாசல் பலகையில் எண்ணை அழித்து, ஒன்று கூட்டி எழுதிக்கொண்டிருந்தார்.

"சார், அடிபட்டுருக்குதே."

"வானிலை இயற்கை நிகழ்வு வளர்மதி. அது விபத்துல வராது."

அடுத்த வருடத்திலிருந்து பொட்டைக் கைப்பிடியில் மட்டும் வைத்தேன். கேட்ட ஒருவர் இருவரிடம் காரணத்தையும் சொன்னேன். புது வாஷர் பீரோவிலேயே இருந்தது. மேனேஜர் ஓய்வு பெற்றுப் போனார். அடுத்து வந்தவரும் பலகையில் ஒன்று கூட்டினார். அந்தப் பலகைக்கு நேர் எதிரே, கேட்டில் ஸ்டூல் போட்டுப் பல வருடம் உட்கார்ந்திருந்தார் மாதையன். நான் தினமும் அவரைத் தாண்டித்தான் உள்ளே போனேன். அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. படித்துக் காட்ட ஆள் தேவைப்படாத பலகை அது. நானும் பேசவில்லை.

இந்தக் கட்டுரையை எழுத உட்காரும் முன்பு பாப்பிரெட்டிப்பட்டிக்குப் போனேன். மாதையன் இப்போது வேலையை விட்டுவிட்டு இரண்டு மாடு வைத்திருக்கிறார். இடது காலைக் கொஞ்சம் சாய்த்து நடக்கிறார். எழுதட்டுமா என்று கேட்டேன்.

"எழுதுங்கக்கா. இனிமே யாரு என்ன பண்ணப் போறாங்க."

அழைப்பிதழைக் காட்டினேன். எண்ணை விரல் வைத்துப் படித்தார். ஹெல்மெட் பொம்மையைப் பார்த்தார். மறுபடி எண்ணுக்கு வந்தார்.

"அந்த நாளும் இதுல சேந்திருக்குதுங்களா?"

"சேந்திருக்குது."

மாட்டுக்குச் சோளத்தட்டை போட எழுந்தவர், போட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றார்.

"எனக்கு வேற ஒண்ணும் வேண்டாங்கக்கா. அந்த ஒரு நாள மட்டும் கழிச்சிரச் சொல்லுங்க. அன்னிக்கு எனக்கு அடிபட்டுச்சுன்னு இருக்கட்டும்."

விபத்து நடந்தால் எண்ணை அழித்து முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று அந்தப் பலகையின் அடியிலேயே பொடி எழுத்தில் எழுதியிருக்கிறது. மாதையன் அவ்வளவு கேட்கவில்லை. நந்தினி, மூன்று பக்கம் கேட்டீர்கள், கூடுதலாகிவிட்டது. வெட்டிக்கொள்ளுங்கள். மேனேஜர் மேஜை, சந்தனம், என் பொட்டு, எது வேண்டாமோ எடுத்துவிடுங்கள். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு என் போட்டோவை மட்டும் போட்டாலும் சரி. பலகையில் ஒரு நாளை மட்டும் கழித்துவிடுங்கள்.